மோட்டர் முனகிய வாரம்

நோன்பு பத்து. சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிட, எழும்பிய நேரம். குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல்: "இஞ்ச பாருங்க, டாங்கில சொட்டுத் தண்ணி இல்ல. மோட்டரப் போடுங்க."

போட்டேன். கிணத்தடியிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது. வயிற்றுவலிக்காரன் சுருண்டு படுத்துக்கொண்டு முனகுவானே, அப்படி. தண்ணீர் ஏறும் சத்தம் இல்லை, விசிறி சுற்றும் சத்தமும் இல்லை. உடனே நிறுத்தினேன். சுற்றாமல் நிற்கும் மோட்டருக்குள் வழக்கத்தைவிட நாலைந்து மடங்கு கரண்ட் பாயும், அரைநிமிடம் அப்படியே விட்டால் வைண்டிங் கருகி மணக்கும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும்.

எழுபது தாண்டிய மாமி ஒன்றும் பேசவில்லை. பத்தாயத்துக்குப் பின்னால் எங்கேயோ கிடந்த கயிற்றையும் வாளியையும் எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். அந்த 'ணங்' என்ற சத்தத்தில் எல்லா விமர்சனமும் அடங்கியிருந்தது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் மருதமுனையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வாழப்போவான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. கரண்ட் பில்லும் மோட்டரும் மட்டும் மாப்பிள்ளைக்கு. ஆகவே மோட்டர் நின்றால் அது வெறும் பொறிக்கோளாறு இல்லை, மாப்பிள்ளையின் தகுதிக் கோளாறு.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு வெட்கமும் இல்லாமல் 'விர்' என்று சுற்றியது. டாங்கி நிரம்பி வழிந்தது. அடுத்த நாள் சஹருக்கு மறுபடி முனகல். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பகலில் உழைப்பாளி, விடியற்புறத்தில் நோயாளி. இந்த ஒன்றிலேயே விடை முழுக்க இருந்தது. எனக்குத்தான் பிடிபடவில்லை.

ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நாலு பேர் மருந்து சொல்வார்கள். மோட்டர் நின்றால் பத்துப் பேர். தராவீஹ் முடிந்து வரும்போது பக்கத்து வீட்டார் சொன்னார்: "அது கெப்பாசிட்டர் காக்கா. கண்ண மூடிட்டு மாத்துங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வரும் தனிப்பேஸ் கரண்ட் மோட்டரை அசைக்கும், ஆனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குச் சொல்லாது. இரண்டாவது வைண்டிங் ஒன்றுக்குக் கொஞ்சம் முந்திய கரண்டைக் கொடுத்து, "இந்தப் பக்கம் போ" என்று தள்ளிவிடுவது அந்த உருளை வடிவக் கெப்பாசிட்டர்தான். அது செத்தால் மோட்டர் முனகிக்கொண்டு நிற்கும். பின்னாலுள்ள விசிறியைக் குச்சியால் ஒரு சுண்டு சுண்டிவிட்டால் ஓடத் தொடங்கும். நம் ஊரில் பாதிப் பேர் இந்தக் குச்சி வைத்தியத்திலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். குச்சி பிடித்த கை நழுவினால் என்னாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கல்முனைக்குப் போய் அதே அளவில் புதுக் கெப்பாசிட்டர் வாங்கி வந்தேன். 'அதே அளவு' என்பது முக்கியம். மைக்ரோபரட் கூடினால் வலு கூடும் என்று பெரிதாய் வாங்கி மாட்டினால் வைண்டிங்தான் சூடேறும். பழையதைக் கழற்றும் முன் அதன் இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூ டிரைவரால் தொடுத்துவிட்டேன். கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் அடி வாங்கும் அளவுக்கு மீதி இருக்கும். மாட்டினேன், போட்டேன், ஓடியது. அப்போது பின்னேரம், அசர் நேரம். வெற்றி வீரனாக உள்ளே போனேன். சஹருக்கு மறுபடி "ம்ம்ம்ம்".

இரண்டாவது வைத்தியம் வைண்டிங். "கழட்டிக் கொண்டாங்க, பாத்துச் சொல்றன்" என்றார் ஒருவர். வைண்டிங் கடைக்குப் போன மோட்டர் வைண்டிங் செய்யப்படாமல் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. அது அவர்கள் குற்றமுமில்லை. கழட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நாம். கடையில் மோட்டர் இருக்கிறது, கிணத்தடி இல்லை. நோய் கிணத்தடியில் இருந்தால் அவர் எப்படிக் காண்பார்?

மூன்றாவது வைத்தியர் என் மச்சான். எந்தப் பிரச்சினைக்கும் பெரிதாய் ஒன்று வாங்குவதே தீர்வு என்று நம்புகிற மனிதர். "அர ஹோஸ்பவரத் தூக்கி எறிங்க மச்சான். ஒண்டு, ஒண்டரையாப் போடுங்க. இழுக்கிற இழுவைல கிணறே மேல வரும்."

இந்த இடத்தில் மோட்டரைக் கொஞ்சம் விட்டுவிட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசவேண்டும். மச்சான் வேடிக்கையாகச் சொன்னதில் எங்கள் ஊரின் பெரிய பயம் ஒன்று இருக்கிறது.

எங்கள் நிலம் கடல் மணல். அதற்கடியில் இருக்கிற நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மழை கொடுத்த தண்ணீர் அது. உப்புநீரைவிடப் பாரம் குறைவு என்பதால் மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கி நிற்கும் என்பது கரையோர நிலத்தடி நீருக்கு உள்ள கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவர வழிவிடுகிறோம். பெரிய மோட்டர் போட்டு மளமளவென்று இழுத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்புபோல் எழும்பி வரும். தேநீரில் முதலில் தெரியும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி எங்களுக்குப் படிப்பித்தது. அன்று கடல் கிணறுகளுக்குள் இறங்கியது. எங்கள் கிணற்றிலிருந்து செருப்பு, சட்டி, நெசவுத் தறியின் மரத்துண்டு எல்லாம் எடுத்தோம். பிறகு உதவிக்கு வந்தவர்கள் எண்ணெய் மெசின் வைத்து இறைத்தார்கள், நாங்களும் இறைத்தோம். இறைக்க இறைக்க உப்புத்தான் வந்தது. கிழக்குக் கரையோரக் கிணறுகளை அந்தக் காலத்தில் ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினரும் அதையே சொன்னார்கள்: அளவுக்கு மீறி இறைப்பது கீழிருந்து உப்பை மேலே அழைக்கிறது, நிலத்தைக் கழுவுவது மழைதான். அப்படித்தான் நடந்தது. மாரி வந்து வந்துதான் கிணறுகள் மெல்ல மெல்லத் தெளிந்தன.

ஆகவே மச்சானுக்கு நான் சொன்ன பதில்: "கிணறு மேல வரும் மச்சான், கடலையும் கூட்டிட்டு." குழாய்த்தண்ணீர் வந்தபிறகும் குளிக்க, உடுப்புக் கழுவ, மரத்துக்கு ஊற்ற எங்களுக்குக் கிணறுதான். அந்தக் கிணற்றுக்கு அரை ஹோஸ்பவரே தாராளம். ஒரு நிமிடத்தில் நிரம்பவேண்டிய அவசரம் எந்த டாங்கிக்கும் இல்லை.

அடுத்து நான் சந்தேகப்பட்டது வெளியிலிருந்து வரும் கரண்டை. சஹர் நேரத்தில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எழும்புகிறது. எல்லா வீட்டிலும் லைட், சோறாக்கும் குக்கர், தண்ணீர் கொதிக்கும் கேத்தல், அதற்குமேல் மோட்டர். லைனின் கடைசியிலிருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது மிச்சம்தான் என்று எண்ணிக்கொண்டேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டுபோனது என்று அமைச்சரே சொல்லியிருந்தாரே. அதிலிருந்து வீட்டில் எது பழுதானாலும் "குரங்கு பாய்ஞ்சிட்டு" என்பதுதான் எங்கள் பிள்ளைகளின் விளக்கம். நானும் அந்தக் குரங்கின் தலையில்தான் பழியைப் போடப் பார்த்தேன்.

கடைசியில் என்னிடம் படித்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். கட்டாரில் சில வருடம் வயரிங் வேலை செய்துவிட்டு வந்தவர். பகலில் வரச் சொன்னேன். அவர் கேட்டார்: "எத்தின மணிக்கு முனகுது சேர்?" "மூண்டரை, நாலு." "அப்ப அந்த நேரத்துக்குத்தான் வரணும். நோவில்லாத நேரம் டாக்டர் வந்து என்ன செய்ற?" மூன்றரைக்கு இரண்டு மல்டிமீற்றரோடு வந்து நின்றார்.

முதலில் வீட்டுக்குள், மெயினுக்குப் பக்கத்துப் பிளக்கில் அளந்தார். 218 வோல்ட். நம் நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 230, அதில் 6 சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது விதி. அதாவது 216 வரைக்கும் குற்றமில்லை. திட்டுவதற்கு ஆயத்தமாய் நின்ற எனக்குப் பெரிய ஏமாற்றம். குரங்கு நிரபராதி.

அடுத்து கிணத்தடிக்குப் போய் மோட்டரின் மூடியைத் திறந்து அளந்தார். 217. "சரியாத்தானே இரிக்கி?" என்றேன்.

"சேர், இது சும்மா நிக்கிற ஆள்ட பிரஷர். பாரம் தூக்கச் சொல்லிப் பாப்பம்." மீற்றரின் கொக்கிகளை அங்கேயே மாட்டிவிட்டு, தூர நின்று, "இப்ப போடுங்க" என்றார். போட்டேன். முனகியது. மீற்றர் 217இலிருந்து 152க்கு விழுந்தது. அந்தக் கணத்தில் உள்ளே பிளக்கில் என் மகன் பிடித்திருந்த மற்ற மீற்றரில் 210. வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே, முப்பது மீற்றர் தூரத்துக்குள், 58 வோல்ட் தொலைந்துபோயிருந்தது.

களவு மோட்டரில் இல்லை, வழியில்.

இந்த ஒரு சோதனைக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். நம்மில் பலர் டெஸ்டரை வைத்துப் பார்த்து அது சிவந்தால் "கரண்ட் இரிக்கி" என்று முடித்துவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர்கள் ஒரு பல்பை மாட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் பொய் சொல்லும். டெஸ்டருக்கு வேண்டிய கரண்ட் ஒன்றுமேயில்லை என்ற அளவு. 15 வாட் பல்புக்கும் ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். இற்றுப்போன மூட்டு வழியாகவும் அவ்வளவு சொட்டிவிடும். எங்கள் அரை ஹோஸ்பவர் ஓடும்போது மூன்று அம்பியர்தான் கேட்கிறது, ஆனால் எழும்பும் அந்தக் கணத்தில் 14 கேட்கிறது. அப்போதுதான் வயரின் குணம் தெரியும்.

வோல்ட் கொஞ்சம் குறைந்தால் மோட்டரின் வலுவும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. வோல்ட் பாதியானால் வலு கால்வாசி. 152ஐ 230ஆல் வகுத்து வர்க்கமாக்கிப் பாருங்கள், 44 சதவீதம் வரும். பகலில் லைனில் பாரம் குறைவு, அதே இடத்துக்கு 169 வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 54 சதவீதம். என் மோட்டருக்குப் பாதி வலு போதும் எழும்ப. சஹரில் அந்தப் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது, லுஹரில் கொஞ்சம் மேலே. பகல் உழைப்பாளி, இரவு நோயாளி என்ற மர்மம் அவ்வளவுதான். மச்சான் சொன்னபடி ஒரு ஹோஸ்பவர் வாங்கியிருந்தால் அது எழும்ப 25 அம்பியருக்கு மேல் கேட்டிருக்கும். வழியில் இன்னும் கூடத் தொலைந்து, புது மோட்டரும் முனகியிருக்கும், கூடுதல் சத்தமாக.

பிறகு வயரைப் பின்தொடர்ந்தோம். வயரும் மெலிசுதான். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு. முப்பது மீற்றர் போய் முப்பது மீற்றர் வந்தால் ஒரு ஓம் தடை, 14 அம்பியருக்கு 14 வோல்ட். மீதி 44? கிணத்தடிக் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், கறுப்பு டேப் சுற்றி, அதற்குமேல் சொப்பிங் பேக் சுற்றி, அதற்கும் மேல் கயிறு கட்டிய ஒரு முடிச்சு. மெயினை நிறுத்திவிட்டு அவர் அதைப் பிரித்தார். டேப் உருகி ஒட்டியிருந்தது. உள்ளே செம்பு செம்பாக இல்லை. பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் முறுக்கு தளர்ந்து, நாலைந்து கம்பி இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்றும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து தின்றது போக மிச்சம்.

"இத யாரு சேர் கட்டின?" என்று கேட்டார்.

நான்தான்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது சொந்தக்காரர் ஒருவரின் ஜெனரேட்டரில் மாட்டுவதற்காக மோட்டர் வயரை நடுவில் அறுத்துப் பிளக் வைத்தேன். 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் கட்டணத்தைக் கூட்டி, தினசரி வெட்டையும் நிறுத்தினார்கள். நான் பிளக்கைக் கழற்றி, வயரை மறுபடி முறுக்கி, டேப் சுற்றினேன். ஒரு பெட்டிக்குள் முடுக்கி வைக்கவேண்டிய மூட்டு. 'தற்காலிகம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒரு மாதம் அந்தத் தற்காலிகத்தில் குளித்தோம், வுளூ செய்தோம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பிரித்த மூட்டை டோர்ச் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். வயரில் மூன்று இழை இருந்தது: மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள். நான் முறுக்கியது இரண்டைத்தான். பச்சை மஞ்சள் இரண்டு பக்கமும் அறுந்தபடி டேப்புக்குள் மடிந்து கிடந்தது. எர்த். மோட்டர் ஓடுவதற்கு அது வேண்டியதில்லை, ஆகவே எனக்கும் அது வேண்டியதாய்ப் படவில்லை. அந்த மோட்டரின் இரும்பு உடம்புக்கு மேலே ஈர உடுப்பைக் காயப் போடுவது மாமியின் பழக்கம்.

மோட்டருக்குள் தண்ணீர் போய் வைண்டிங்கில் கசிவு வந்திருந்தால், உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி, யாராவது தொடும்வரை அமைதியாகக் காத்திருக்கும். எர்த் இருந்தாலே போதுமா என்றால், எங்கள் மணலில் அதுவும் போதாது. காய்ந்த மணலில் இறக்கிய எர்த் கம்பி 100 ஓம் தடை காட்டினால், 230 வோல்ட்டுக்கு ஓடுவது 2.3 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் அதைப் பொருட்படுத்தவே செய்யாது. அது எரியாது, உடம்பில் கரண்ட் நிற்கும். மணல் ஊர்களில் உயிரைக் காக்கிறது ட்ரிப் சுவிட்ச்தான். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லிஅம்பியர், அதாவது ஒரு அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். மழைக்காலத்தில் மோட்டரைப் போட்டதும் அது விழுந்தால் "சனியன், சும்மா சும்மா விழுது" என்று திட்டி, அதைத் தாண்டி நேராய் வயர் இழுப்பவர்களை நான் அறிவேன். விழுவது அதன் கோளாறு இல்லை. மோட்டருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அது சொல்கிறது.

எங்கள் ட்ரிப் சுவிட்சில் 'T' என்று எழுதிய சின்னப் பொத்தானை அவர் அமத்தினார். அது விழவில்லை. இன்னொருமுறை அமத்தினார். விழவில்லை. எத்தனை வருடமாக அப்படி நின்றதோ. வீடு கட்டிய நாளிலிருந்து அதை ஒருவரும் தொட்டதில்லை.

சுபஹுக்குப் பாங்கு கேட்டது. நாங்கள் இருவரும் வாளித் தண்ணீரில் வுளூ செய்துவிட்டுப் போனோம். அன்று பகலே வேலை முடிந்தது: 2.5 சதுர மில்லிமீற்றரில் மூன்று இழை வயர், மெயினிலிருந்து மோட்டர்வரை இடையில் மூட்டே இல்லாமல், குழாய்க்குள். எர்த் மோட்டரின் உடம்பில் முடுக்கப்பட்டது. ட்ரிப் சுவிட்ச் புதிது. மோட்டர் அதே பழைய அரை ஹோஸ்பவர்தான், வைண்டிங் கடைக்குப் போகவே இல்லை. மறுநாள் சஹரில் அளந்தபோது மோட்டர் எழும்பும் நேரத்தில் 200க்கு மேல் நின்றது. மச்சான் இன்னும் ஒன்றரை ஹோஸ்பவர் பற்றியே பேசுகிறார்.

கயிற்றையும் வாளியையும் மாமி திரும்பப் பத்தாயத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறார்.

இதை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய் உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சின் அந்தச் சின்னப் பொத்தானை ஒருமுறை அமத்திப் பாருங்கள். அது விழுந்தால் நிமிர்த்திவிடுங்கள், அடுத்த மாதமும் பாருங்கள். எர்த் சரியா என்று அந்தப் பொத்தான் சொல்லாது, அதை ஆள் வைத்துத்தான் பார்க்கவேண்டும். பொத்தானை அமத்தியும் விழாவிட்டால், அதை மாற்றும்வரை கிணத்தடி மோட்டரில் ஒருவரையும் கைவைக்க விடாதீர்கள்.